ஒரே வேகத்தில் எடுத்த கோடு

அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடறீங்களா? பஸ்ஸே அடுப்பு மாதிரி இருக்கு, எனக்கு வெக்கை ஆகவே ஆகாது. கேட்டா சிரிப்பீங்க, சூடுதான் என் தொழிலே. கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து எதையாவது சூடாக்கிக்கிட்டே இருக்கேன். வீட்டுல மட்டும் அடுப்புப் பக்கம் போறதில்லை, அது எங்க வீட்டுக்காரரோட டிபார்ட்மெண்ட்.

ஐயோ, ஓட்டல் இல்லைங்க. காலேஜ் வாத்தியார். கெமிஸ்ட்ரி. வேதவல்லி மேடம்னு சொன்னா எங்க காம்பவுண்டுல வாட்ச்மேன்கூட எழுந்து நிப்பாரு. உங்க கூடையைக் கீழ வச்சுக்குங்க, என் கால்ல பட்டாப் பரவாயில்லை.

கடலூர் தாண்டி ஒரு கம்பெனி இருக்கு, அங்கதான் போறேன். பேரு வேண்டாம், விசாரணை நடக்குது. நானும் ஒரு வார்த்தை சொல்லணும்னு கூப்பிட்டிருக்காங்க. உண்மையச் சொன்னா ஒரு பொண்ணைக் காப்பாத்தப் போறேன். என் பொண்ணு இல்லை, என் ஸ்டூடண்ட். ஆனா பெத்தாத்தான் பிள்ளையா? என் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லை. யார்கிட்டயாவது சொன்னா பாரம் இறங்கும். உங்களைப் பாத்தா பொறுமையாக் கேக்கறவங்க மாதிரி இருக்கு.

முதல்ல என் வேலை என்னன்னு சொல்லிடறேன், அப்பத்தான் மத்தது புரியும். ஒரு பொருளைச் சூடாக்கினா அது எப்ப மாறும், எவ்வளவு வேகமா மாறும், அதைக் கணக்குப் போட்டுச் சொல்றது. கம்பெனிக்காரங்க வருவாங்க. மேடம், இந்த மருந்து குடோன் வெக்கையில எத்தனை மாசம் தாங்கும்னு கேப்பாங்க. அத்தனை மாசம் உக்காந்து பாத்துக்கிட்டிருக்க முடியுமா? அதனால ஒரு சிட்டிகை எடுத்து மெஷின்ல வச்சு, சூட்டை ஏத்திக்கிட்டே போவோம். மாசக்கணக்குல நடக்க வேண்டியது மத்தியானத்துக்குள்ள நடந்து முடிஞ்சிடும். மெஷின் அதை ஒரு கோடாப் போட்டுக் குடுக்கும். அந்தக் கோட்டுக்கு ஒரு சமன்பாடு பொருத்திட்டா, அப்புறம் எந்தச் சூட்டுல எத்தனை நாள்னு நாற்காலியில உக்காந்தபடியே சொல்லிடலாம். ஜோசியம்தான், வச்சுக்குங்களேன். ஆனா எங்க ஜோசியத்துக்கு ஃபீஸ் ஜாஸ்தி.

இந்தக் கம்பெனியில ஒரு மஞ்சப் பொடி பண்றாங்க. சமையல் மஞ்சள் இல்லைங்க. நீங்க போட்டிருக்கீங்களே ஹவாய் செருப்பு, அது மெத்துன்னு இருக்கறதுக்கு உள்ள காத்துக் குமிழி வேணும்ல? அந்தக் குமிழியை உண்டாக்கற பொடி. சூடு பட்டா உடைஞ்சு காத்தாப் போகும். ரப்பர்ல கலந்து சுட்டா செருப்பு உப்பும். அப்ப நினைச்சுப் பாருங்க, அந்தப் பொடியைப் பண்றவனுக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேணும். அதைக் காய வைக்கணும், ஆனா ரொம்பச் சூடு படவும் கூடாது. பெரிய டிரம்மு மாதிரி ஒரு டிரையர். வெளியே சுத்தி வெந்நீர் ஓடும், உள்ள ஒரு கை கலக்கிக்கிட்டே இருக்கும்.

இவங்களுக்கு லீவு வந்தாத்தான் கஷ்டம். பாதி காஞ்ச பொடியை வெளிய எடுத்தா ஈரம் இழுத்துக் கட்டி கட்டியாப் போயிடுது. ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலைன்னு சொல்வாங்களே, அந்தக் கதை. மேனேஜர் குப்புராஜ் எங்கிட்ட வந்தாரு. மேடம், ஆயுதபூஜை வருது, ரெண்டு நாள் மெஷினைத் தொட மாட்டோம், கலக்கற கையை நிறுத்திட்டு லேசான வெந்நீரை மட்டும் ஓட விட்டு பொடியை உள்ளயே விட்டுடலாமா, ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்னாரு. போன வருஷம் வரைக்கும் பூஜைக்கு முன்னாலயே காலி பண்ணிடுவாங்களாம். இந்த வருஷம் ஆர்டர் நெருக்குது.

நான் வேலையை எமிகிட்ட குடுத்தேன், காப்பாத்தப் போறேன்னு சொன்னேனே, எங்கிட்ட பிஎச்.டி. பண்றவ. எமிமாள். சாயர்புரம் பக்கம். அப்பா உப்பளத்துல வேலை. வந்த புதுசுல லேப்ல யாராவது பேசினா தலையைக் குனிஞ்சுக்கும். நான்தான் மனுஷியாக்கினேன். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னதும் தினம் ஒரு டப்பா சாப்பாடு எங்க வீட்டுல இருந்து போகும். எங்க வீட்டுக்காரர் அவளுக்காகவே காரம் கொஞ்சம் தூக்கலாப் போடுவாரு. போன பொங்கலுக்கு நான் ஒரு காட்டன் புடவை எடுத்துக் குடுத்தேன், அவ அழுதுட்டா. எனக்கு அவ மேல அவ்வளவு ஆசைங்க. அதுதான் என் பலவீனம். நான் கண்டிப்பா இருந்திருக்கணும்.

கெட்டிக்காரிதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா அவளுக்கு அவ மேலயே நம்பிக்கை கிடையாது. அதுதான் இத்தனைக்கும் காரணம், கேளுங்க.

பொடியைச் சூடாக்கிக் கோடு எடுத்தா. சமன்பாட்டைப் போட்டா. என்னமாப் பொருந்துச்சு தெரியுமா! ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி உக்காந்துடுச்சு, பிரிச்சே பாக்க முடியலை. என் சர்வீஸ்ல அப்படி ஒரு பொருத்தம் நான் பாத்ததில்லை. கல்யாணப் பொருத்தத்துல பத்துக்குப் பத்து வந்தா எப்படி இருக்கும்? அப்படி. அதை வச்சுக் கணக்குப் போட்டா, அந்த லேசான சூட்டுல பொடி ஒரு வாரம்கூடத் தாங்கும். நான் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

அவ மூஞ்சியில ஒரு சந்தோஷம் இல்லை. மேடம், இது ஒரே வேகத்துல சூடாக்கி எடுத்த கோடு. இதுக்கு எந்தச் சமன்பாட்டைப் போட்டாலும் பொருந்துது. நான் வேற ஒண்ணு போட்டுப் பாத்தேன், அதுவும் இதே மாதிரி அழகாப் பொருந்துது, ஆனா அது வேற கதை சொல்லுதுன்னா. என்னடி கதைன்னேன். முதல் சமன்பாட்டுப்படி பொடி ஆரம்பத்துல இருந்தே மெதுவா, சாதுவாக் கரையுது. ரெண்டாவதுபடி அது கொஞ்ச நேரம் ஒண்ணுமே பண்ணாமத் தூங்குது, அப்புறம் திடுதிப்புன்னு எல்லாம் ஒண்ணாக் கிளம்புது.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, பாலுக்கு உறை ஊத்தறோம்ல? ரொம்ப நேரம் பாலாவே இருக்கும். கரண்டியை விட்டுப் பாத்தா தண்ணியா ஓடும். கொஞ்சம் தயிர் உண்டாச்சுன்னா அதுவே மிச்சத்துக்கு உறையாகி, விறுவிறுன்னு இறுகிடும். அந்தப் பொடியும் அப்படித்தான், உடைஞ்சது உடையாததை இழுக்குதுன்னு எமி சொன்னா. பொடி எந்த ரகம்னு கண்டுபிடிக்கணும்னா வேற வேற வேகத்துல சூடாக்கணும், இல்லைன்னா ஒரே சூட்டுல வச்சுக்கிட்டு சும்மா காத்திருந்து பாக்கணும்.

எனக்குத் தெரியாதா? நான்தாங்க கிளாஸ்ல சொல்லித் தர்றவ! வருஷா வருஷம் பரீட்சையில வைக்கற கேள்வியே அதுதான். ஒரே வேகத்துல எடுத்த கோட்டை நம்பலாமா, காரணம் கூறுக. நம்பக் கூடாதுன்னு எழுதினாத்தான் மார்க் போடுவேன். ஒரு பையன் நம்பலாம்னு எழுதி ஃபெயிலாகியிருக்கான். ஆனா பரீட்சை வேற, கம்பெனி வேலை வேற. குப்புராஜ் காலையில ஒரு போனு, சாயங்காலம் ஒரு போனு. மேடம், பூஜைக்கு முன்னாடி எழுதிக் குடுத்துடுவீங்கல்லன்னு. இவ்வளவு அழகாப் பொருந்தினதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க?

ஆனா அவ விடலையே. நச்சரிச்சா. காலையில வந்ததும் அதே பேச்சு, டப்பாவைத் திறக்கும்போதும் அதே பேச்சு. மேடம், ஒரே ஒரு தடவை மெதுவா சூடாக்கிப் பாத்துடலாம் மேடம். கார் வரைக்கும் பின்னாலயே வருவா. ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, உனக்கு இவ்வளவு சந்தேகம்னா வேற கைடைப் பாத்துக்கோடின்னுட்டேன். அதோட வாயை மூடினா. அப்புறம் ரிப்போர்ட்டை டைப் அடிச்சுக் கொண்டு வந்தவ, சோதனை செய்தவர்னு போட்டிருந்த இடத்துல அவ பேரை எடுத்துடட்டுமான்னு கேக்கறா. எனக்கு எப்படி இருக்கும்? நான் சோறு போட்டு வளர்த்த பொண்ணு, என்னை நம்பலைன்னுதானே அர்த்தம்? மனசு விட்டுப் போச்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டா. கண்ணுல தண்ணி. நானும் தட்டிக் குடுத்தேன், சரி விடுடி, சரி விடுடின்னு.

என்னங்க? ஆமா, ரிப்போர்ட்டு போயிடுச்சு. கீழ நான் ஒப்புதல் கையெழுத்து. அது சும்மா சம்பிரதாயம், எல்லாத்துலயும் இருக்கும்.

இப்பத்தான் அந்தப் பொண்ணு செஞ்ச காரியத்தைச் சொல்லணும். பூஜைக்கு முந்தின சாயங்காலம். லேப் எல்லாம் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை, பூசணிக்காய் எல்லாம் ரெடி. எங்க காலேஜ்ல அந்த வழக்கம் ரொம்பக் கறாருங்க. ஓட்டற மெஷினுக்கு வருஷத்துல அந்த ரெண்டு நாள்தான் ஓய்வு. பொட்டு வச்சிட்டா யாரும் தொடக் கூடாது. நான் கடைசியா ஒரு சுத்து வர்றேன், மூலையில எங்க மெஷின் ஓடிக்கிட்டிருக்கு! சின்ன சத்தம், பச்சை லைட்டு. இவ எனக்குத் தெரியாம ஒரு சிட்டிகைப் பொடியை உள்ள வச்சு, கம்பெனிக்காரன் வைக்கப் போற அதே சூட்டுல சும்மா காத்திருக்க விட்டிருக்கா. மத்தியானத்துல இருந்து ஓடுதாம்.

நிறுத்துடின்னேன். மேடம், விடியற வரைக்கும் மட்டும் ஓடட்டும் மேடம், நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், யாரும் உள்ள வராம பாத்துக்கறேன்னா. அந்தக் கோட்டைக் காட்டினா. நேராப் போய்க்கிட்டிருந்தது. கடைசியில ஒரு மயிரிழை, இத்தனூண்டு, மேல தூக்கின மாதிரி. மேடம், எழுந்துக்குது பாருங்க மேடம்னா. நான் கண்ணாடியைப் போட்டுப் பாத்தேன். மேஜை ஆடினாக்கூட அவ்வளவு வரும்.

அவளைச் சொல்லிக் குத்தம் இல்லை. அவங்க வீட்டுல இந்தப் பூஜை வழக்கம் கிடையாது, பாவம், அதோட அருமை தெரியாது. நான் திட்டக்கூட இல்லை. பொறுமையா எடுத்துச் சொல்லி, நானே சுவிட்சை அணைச்சு, மெஷின் நெத்தியில ஒரு பொட்டு வச்சேன். அவ கையிலயும் ஒரு பொட்டலம் பொரி குடுத்து அனுப்பி வச்சேன். வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்து, கம்பெனிக்கு ஒரு போன் மட்டும் போட்டு பொடியை வெளிய எடுக்கச் சொல்லிடலாமான்னு கேட்டா. பண்டிகை நேரத்துல அவங்களைக் கலவரப்படுத்தாதேடின்னேன். நியாயம்தானே?

அடுத்த நாள் பூஜை முடிஞ்சு பொங்கல் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், குப்புராஜ் போன். டிரையர் மூடி தூக்கி அடிச்சிடுச்சாம். டிரையருக்குப் பூஜை போடறதுக்காக ஆபரேட்டர் குளிச்சிட்டு, வேட்டி கட்டிக்கிட்டு வந்திருக்காரு. மூடிப் பக்கத்துல சந்தனம் தடவிக்கிட்டிருந்தவர் மேல அத்தனை காத்தும் சூட்டோட வந்திருக்கு. நெஞ்சு, கழுத்து, கை. உயிர் இருக்கு. கண்ணுதான் என்னன்னு இன்னும் சொல்ல முடியலையாம்.

அவர் பேரா? ஏதோ சாமி பேருங்க. மலைன்னு முடியும். அண்ணாமலையா, ஏழுமலையா. ரிப்போர்ட்டுல எல்லாம் ஆபரேட்டர்னுதானே போடுவோம்.

அவர் மேலயும் தப்பு இருக்குங்க, நான் விசாரிச்சேன். டிரையர் மூலையில பழைய பொடி ஒட்டிக்கிட்டிருந்ததாம், சரியாச் சுரண்டி எடுக்கலை. பழசுதான் உறை மாதிரி வேலை பாத்திருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், கம்பெனிக்காரன் அதை விட்டுட்டு எங்க காலேஜைக் கை காட்டறான்.

ஆமா, உறைதான். எமி சொன்ன அதே உறைதான். ஏன் கேக்கறீங்க? ஒரு வேளை அவ சொன்னது சரியாவே இருக்கட்டுங்க. குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி சில சமயம் அமைஞ்சிடும். சரியா இருக்கறது பெருசில்லை, அதை உறுதியா நின்னு சொல்லத் தெரியணும். இவ கண்ணைக் கசக்கிக்கிட்டுச் சொன்னா யாரு நம்புவா? நம்பற மாதிரி சொல்லாததும் ஒரு தப்புதானே?

அதுக்கப்புறம் அவ நடந்துக்கிட்டதுதான் எனக்குத் தாங்கலை. டப்பாவைத் தொடறதில்லை. அப்படியே திரும்பி வருது, எங்க வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பாத்துட்டுக் கொட்டறாரு. தினமும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போறாளாம். அந்த ஆபரேட்டர் சம்சாரத்தோட வராண்டாவுல உக்காந்திருக்காளாம். டீ வாங்கிக் குடுக்கறா, மருந்து வாங்கிட்டு வர்றா. எதுக்குங்க இதெல்லாம்? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? தப்பு பண்ணினவதான் இப்படி ஓடி ஓடிப் பாப்பான்னு நினைக்க மாட்டாங்களா? நான் போகலையே. மடியில கனமில்லை, எனக்கென்ன பயம்? கூப்பிட்டுச் சொன்னேன். அவரு பேரைக்கூட நீங்க கேக்கலையே மேடம்னா. அவ்வளவுதான், போயிட்டா.

இன்னைக்கு வரைக்கும் அந்த வார்த்தை உறுத்துது. நான் பெத்த பையன் பெங்களூர்ல இருந்து மாசத்துக்கு ஒரு தடவை பேசறான், அவன் என்ன சொன்னாலும் எனக்குப் படறதில்லை. இவ ஒரு வார்த்தை சொன்னா படுது. பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க, பெறாத மனமும் பித்துதான்.

சரி, இப்ப நான் என்ன சொல்லப் போறேன்னா, கேளுங்க, உங்ககிட்டயே ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன். ஐயா, சோதனை செய்தது மாணவி. வேற வேகங்கள்ல சூடாக்கிப் பாத்திருக்கணும், அது நடைமுறை. சின்னப் பொண்ணு, அனுபவம் போதாது, அதனால விட்டுட்டா. மேல இருக்கறவங்ககிட்ட அழுத்தமாச் சொல்லியிருக்கணும், அதுவும் தெரியலை. மன்னிச்சு விட்டுடுங்க, ஏழைப் பொண்ணு, எதிர்காலம் இருக்கு, நான் கையெடுத்துக் கேட்டுக்கறேன். எப்படி இருக்கு? என் வயசுக்கும் என் பேருக்கும் நான் கையெடுத்துக் கும்பிட்டா அவங்க மனசு இளகாதா? படிப்பு போகாம, பிஎச்.டி. ரிஜிஸ்ட்ரேஷன் போகாம, கேஸ் கீஸுன்னு அலைய விடாம அவளை மீட்டுடுவேன். வர்ற ஜூனோட எனக்கு ரிட்டையர்மெண்ட். போறதுக்கு முன்னால அவளுக்கு நான் செய்யற ஒரு நல்லது.

என்ன யோசிக்கறீங்க? அவ விட்டுட்டான்னு நான் சொன்னா அது... இல்லைங்க, அது உங்களுக்குப் புரியாது. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னு போய் நின்னா யாருக்கு லாபம்? அவங்க இத்தனை வருஷ லேபையே இழுத்து மூடிடுவாங்க. மூடினா அவளுக்கும்தானே போச்சு? நான் நல்ல நிலையில இருந்தாத்தான் அவளுக்கு ஒரு கை குடுக்க முடியும். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்.

இருங்க, போன் அடிக்குது. எங்க டிபார்ட்மெண்ட் பார்த்திபன். அவரை முன்னாலயே அனுப்பி வச்சேன், எப்படிப் போகுதுன்னு பாக்க.

ஆங், சொல்லுங்க பார்த்திபன். பஸ்லதான். இதோ வந்துட்டேன். எமி வந்துட்டாளா? என்னது? முடிஞ்சுதா? எப்படி, எனக்கு நேரம் குடுத்திருந்தாங்களே... சத்தமாச் சொல்லுங்க, இங்க ஒரே இரைச்சல்... ம்... அவளே எழுதிக் குடுத்தாளா? என்னன்னு?... ம்... ம்... யாருகிட்ட சொல்லலையாம்?... எங்கிட்டயா?... மெஷினை?... சரி. சரி பார்த்திபன். இல்லை, நான் ஒண்ணும்... சரி, வைங்க.

முடிஞ்சு போச்சாம்.

காலையிலயே அவளைக் கூப்பிட்டிருக்காங்க. உக்காந்து ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டாளாம். வேற வேகத்துல சூடாக்கிப் பாக்கணும்னு எனக்குத் தோணினது, ஆனா வேதவல்லி மேடம்கிட்ட நான் சொல்லவே இல்லை. கடைசியா ஓட விட்ட சோதனையையும் நானே பாதியில நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மேடத்துக்கு எதுவும் தெரியாது. இப்படி. அவங்க அதை வாங்கிக்கிட்டு, மேடம் வர வேண்டியதில்லைன்னுட்டாங்களாம். எங்க பிரின்சிபாலும் விசாரணையில இருந்தாராம், அங்கயே அவளைக் காலேஜ்ல இருந்து எடுத்தாச்சு. போலீஸ்ல கேஸும் அவ பேர்ல. அந்த ஆபரேட்டர் சம்சாரம் வெளிய நின்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுததாம், பார்த்திபன் சொல்றாரு.

பாத்தீங்களா? தங்கம்ங்க. நான் வளர்த்த தங்கம். நான் கேக்காமலே... நான் என்ன சொல்லணும்னு நினைச்சேனோ அதையே அவ...

சொல்லவே இல்லைன்னு எழுதியிருக்கா.

எதுக்கு அப்படி எழுதினா? என் மேல இருக்கற பிரியம்தான். அந்தச் சாப்பாட்டு டப்பா, அந்தப் புடவை... இல்லையா? பிரியமாத்தான் இருக்கும். வெறுத்துப் போய் யாராவது இப்படி எழுதுவாங்களா? கடனைத் தீர்த்துட்டுப் போற மாதிரி... சீச்சீ, அப்படி இருக்காது. ஒண்ணுமில்லை, கண்ணு எரியுது, அவ்வளவுதான். இந்த ஜன்னல் காத்து.

ஏங்க, இப்பவும் போய்ச் சொல்லலாமேன்னா, என்ன சொல்றது? அவளே எழுதிக் குடுத்த பிறகு நான் போய் அவ பொய் சொல்றான்னு சொன்னா அவளுக்குத்தானே அசிங்கம்? சொல்லுங்க. எழுதினது எழுதினதுதான்.

கம்பெனி ஸ்டாப்பிங்காம். என்னைத்தான் கேக்கறாரு கண்டக்டர். இல்லை சார், நான் இறங்கலை. போகட்டும், விசில் குடுங்க. அடுத்ததுல இறங்கி எதிர் பஸ் புடிச்சுக்கறேன்.

அதோ தெரியுது பாருங்க, நீலக் கேட். வெளிய கூட்டமா நிக்குது. அவ இருக்காளான்னு தெரியலை. நீங்க பாக்காதீங்க, விடுங்க.

லேப்ல அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும்தான் இருந்தோம். வேற ஒரு ஈ காக்கா கிடையாது. பார்த்திபனுக்குக்கூட நான் சொன்னதில்லை. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் ஏதோ பேச்சு வாக்குல சொன்னேங்க, நச்சரிச்சா, கார் வரைக்கும் வந்தான்னு எல்லாம். ஒரு தடவை ஏதோ முணுமுணுத்தா, எனக்கே சரியா ஞாபகம் இல்லை. தூக்கம் இல்லாதவ பேச்சு. மனசுல வச்சுக்காதீங்க.

நீங்க எங்க இறங்கணும்? இந்தப் பக்கம்தானா ஊரு? கம்பெனியில உங்க ஆளுங்க யாராவது வேலை பாக்கறாங்களா? சும்மாதான் கேக்கறேன்.

இத்தனை நேரம் பேசிக்கிட்டு வர்றோம், நான் கேக்கவே இல்லை பாருங்க. உங்க பேரு என்னம்மா?